ராகு காலத்து வெளிச்சம்

அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போவது என்று முடிவான பிறகு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, மேட்ட ஒரு படம் புடிச்சுக் குடு. எம்புள்ள இருக்குற எடம் அதுல தெரியணும்."

மேடு என்றால் எங்கள் தோட்டத்தில் செத்தவர்களைப் புதைக்கிற மேடு. தேயிலைச் சரிவின் உச்சியில் ஒற்றைச் சவுக்கு மரம் நிற்கும். அதனடியில் மஞ்சள் பூசிய ஒரு கல். பேச்சு வருமுன்னே காய்ச்சலில் போன அக்காவின் மூத்த பெண் அங்கேதான் இருக்கிறாள். இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டது தள்ளுபடியாகிவிட்டது. மச்சான் இந்திய பாஸ்போர்ட் எடுத்துவிட்டார், கப்பலுக்கு நாளும் குறித்தாயிற்று. அக்கா பிறந்ததும் பிள்ளை பெற்றதும் இந்த மலையில்தான். போகிற ஊரை அவள் கண்ணால் கண்டதில்லை.

என்னிடம் கேமரா இருந்ததால் கேட்டாள். தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா புதுசு வாங்கியபோது பழைய பெட்டிக் கேமராவை எனக்குக் கொடுத்திருந்தார். தோட்டத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவென்றாலும் படம் பிடிக்க என்னைக் கூப்பிடுவார்கள். ஆட்களை நாங்கள் குடியிருக்கிற லயத்துச் சுவரோரம் நிறுத்தி, சூரியனை என் முதுகுக்குப் பின்னால் வைத்து, முகத்தில் வெயில் விழ எடுத்தால் சரியாக வரும். மலையையும் அப்படியே எடுக்கலாம் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பொழுதில் ரோட்டில் நின்று, மலை முழுவதும் அடங்கும்படி எடுத்தேன்.

படம் வந்ததும் மச்சான் வாங்கிப் பார்த்தார்.

"என்னடா மாப்ள, கம்பளியத் தொவச்சுக் காயப்போட்ட மாதிரி இருக்கு?"

அக்கா சிரிக்கவில்லை. படத்தை விளக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, "இதுல எம்புள்ள எங்க இருக்கா?" என்றாள். நானும் தேடினேன். மேடும் தெரியவில்லை, சரிவும் தெரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். மரம் எங்கே என்றே சொல்ல முடியவில்லை.

அட்டன் டவுனில் படம் கழுவிக் கொடுக்கிற முஸ்லிம் கடைக்காரர் நானாவிடம் அதைக் கொண்டுபோனேன். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவோம்.

"அண்ணன், சூரியன் தலைக்கு மேல நிக்கிறப்ப மலை படுத்துத் தூங்கும். ஒரு மடிப்பும் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டுல வரணும், அப்பத்தான் நெழலு விழும். நெழலு விழுந்தாத்தான் மேடு எது பள்ளம் எதுன்னு படத்துல வரும்."

"சரிங்க நானா."

"அதோட ஊர் முழுசையும் ஒரு படத்துக்குள்ள அடைக்கப் பாத்தா எப்படி? கல்யாணத்துல பொண்ண விட்டுட்டுப் பந்தலயா எடுப்பீங்க? கிட்டப் போங்க. அந்தக் கல்லு முன்னால வரட்டும். குந்தி உக்காந்து எடுங்க, மரம் வானத்துல ஏறி நிக்கும்."

அவர் சொன்ன வெளிச்சம் எனக்குத் தெரியாததா? தினமும் பார்த்ததுதான். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நாங்கள் வரிசையாக நின்று பெயர் கொடுக்கிற நேரம், எதிரே மேட்டில் வெயில் பக்கவாட்டில் வந்து விழும். தேயிலை நிரை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். சவுக்கு மரத்தின் நிழல் சரிவின் பாதிவரைக்கும் நீண்டு கிடக்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பேன். பெரட்டு கலைந்து ஃபேக்டரிக்குள் போனால், வெளியே வரும்போது இருட்டியிருக்கும்.

கண்டாக்கு ஐயாவிடம் ஒரு காலைப்பொழுது மட்டும் கேட்டேன்.

"படம் புடிக்க லீவா? விட்டா சினிமாவே எடுப்ப போலிருக்கே!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மிச்சம் ஞாயிற்றுக்கிழமைதான். அது மழை மாதம். காலையில் மேடு முழுக்க மூட்டமாக இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு ஒரு நாள் வெளுக்கும், ஒரு நாள் வெளுக்காது. இரண்டு ஞாயிறு மழையிலேயே போயிற்று. கப்பலுக்கு முந்தின கடைசி ஞாயிறு, மாரியம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தி, கேமராவையும் சந்நிதியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அக்காவும் கூட வந்தாள்.

நாங்கள் மேடேறும்போது தூறல்தான். மேலே போய்க் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, அக்கா பூ வைத்தாள். அதற்குப் பிறகுதான் மேகம் விலகியது. மேற்கிலிருந்து வெயில் சாய்ந்து வந்தது. நனைந்த தேயிலையெல்லாம் பளபளவென்று மின்ன, மரத்து நிழல் கல்லைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. நான் குந்தி உட்கார்ந்தேன். கேமராவின் சின்னக் கண்ணாடியில் கல் முன்னால், மரம் மேலே, அதற்கும் பின்னால் மலை மலையாக. நானா சொன்னது எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. பொத்தானில் விரலை வைத்தேன்.

"மணி என்ன இருக்கும் தம்பி?" என்றாள் அக்கா.

நாலரை தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் ராகு காலம். அவள் கேட்கும் முன்பே அது என் மனதிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"வேணாம்ப்பா. கடல் தாண்டிப் போறோம், புள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் போறோம். ராகு காலத்துல எடுத்தத கையில வச்சுக்கிட்டு எப்படிப் போறது? ஆறு மணிக்கு முடிஞ்சுருமே, அப்பறம் எடு."

எங்கள் வீட்டில் ராகு காலத்தில் தொட்டிலில்கூடப் பிள்ளையைப் போடமாட்டோம். நான் கேமராவை மடியில் வைத்துக்கொண்டேன். இருவரும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வெயிலைப் பார்த்தோம். நிழல் நீண்டுகொண்டே போனது. தாயே, இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வை என்று வேண்டினேன். சூரியன் எதிர் மலைக்குப் பின்னால் இறங்கியது. கீழே றொசல்ல பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்தது. ஆறு அடித்திருக்கும் என்று தோன்றியபோது கல்லின் மஞ்சளே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் எடுத்தேன்.

நானா கழுவிக் கொடுத்த படத்தில் கறுப்புதான் இருந்தது, மேலே வெளுப்பாக ஒரு கோடு. நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு நானும் கடையப் பூட்டிட்டுத்தான் அண்ணன் போறேன். உங்கள என்ன சொல்ல?" என்றார்.

ராகு காலத்தைத் தந்தவளும் மாரியம்மன்தான், அந்த வெயிலைத் தந்தவளும் அவள்தான். இரண்டையும் ஏன் ஒரே பொழுதில் வைத்தாள் என்று கோயிலில் நின்று கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் கேட்கிறேன். கோபமாக இல்லை, தெரியாமல்தான் கேட்கிறேன்.

அவர்கள் புறப்பட்ட அன்று றொசல்ல ஸ்டேஷனில் கப்பலேறத் தலைமன்னார் போகிற சனம் நிறைய. ரயில் வந்துவிட்டது. அக்கா ஜன்னலுக்குள்ளிருந்து கையை நீட்டி, "அந்த மொதப் படத்தையாவது குடு" என்றாள். சட்டைப்பையில் வைத்திருந்தேன். கொடுத்தேன்.

அதை மடியில் விரித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு ஓர் இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். சாம்பல் நிறத்தில் பிறை மாதிரி ஒரு தழும்பு விழுந்தது.

"இந்த எடந்தானே தம்பி?"

நானும் குனிந்து பார்த்தேன். அது மேடா, பக்கத்து மலைப் பாறையா, எனக்குத் தெரியவில்லை. எடுத்த எனக்கே தெரியவில்லை.

"ஆமாக்கா. அங்கதான்" என்றேன்.

அவள் படத்தைக் கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். ரயில் நகர்ந்தது.