ஐந்தாவது நாட்ச்

1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் எனக்குக் கிரேன் ஓட்டும் வேலை. ஏணி ஏறிக் கேபினில் உட்காரும்போதெல்லாம் பயமாக இருக்கும்.

லீவரில் ஐந்து நாட்ச், அதாவது ஐந்து படி. மோட்டாரோடு ஒரு ரெசிஸ்டன்ஸ் பாக்ஸ் சேர்ந்திருக்கும். முதல் நாட்சில் ரெசிஸ்டன்ஸ் முழுக்க சர்க்யூட்டில் இருக்கும்; கரண்ட் அடங்கி ஓடும், கொக்கி மெதுவாக ஏறும். நாட்ச் கூடக் கூட ரெசிஸ்டன்ஸ் குறைந்து, கரண்டும் வேகமும் கூடும். இது ஏற்றுவதற்கு. எனக்குப் பழக்கிய எலக்ட்ரீஷியன் ஜெயராஜ் இன்னொன்றும் சொன்னார்.

"வெயிட்டான சரக்க எறக்கசொல்ல ஒண்ணுல நிக்காதபா. அப்போ சரக்குதான் மோட்டார இழுத்துக்கினு வரும். மோட்டார் புடிச்சி நிறுத்தணும். ரெசிஸ்டன்ஸ் முழுசா இருந்தா அதுக்குத் தெம்பு வராது. நேரா அஞ்சுக்குப் போய்டு."

தலையாட்டினேன், நம்பவில்லை. மெதுவாகப் போவதற்கு யாராவது லீவரை முழுக்கத் தள்ளுவார்களா?

ஒரு திங்கட்கிழமை பிரஸ்ஸின் பெரிய டையை, தகட்டுக்கு வடிவம் தரும் இரும்பு அச்சை, மாற்ற வேண்டியிருந்தது. டை மேலே தொங்கும்போதே ஒரு ஆள் பிரஸ்ஸுக்குள் குந்தி, இறங்கும் டையைக் கையால் நேர் பிடிப்பது எங்கள் ஷாப் வழக்கம். அன்று உள்ளே போனவன் முனுசாமி, என் தங்கை புருஷன். நான்தான் சொல்லி வேலைக்குச் சேர்த்திருந்தேன். தங்கை அப்போது நிறைமாதம்.

"ஒண்ணுலயே எறக்குடா, மெதுவா!" என்றார் போர்மேன் தணிகாசலம்.

ஒன்றில் வைத்தேன். இறங்கிய டை வேகமெடுத்தது. பதறி லீவரை ஜீரோவுக்குக் கொண்டுவந்தேன். பிரேக் பிடித்தது, ஆனால் லைனிங் தேய்ந்த பிரேக். கருகல் நாற்றம் வந்ததே தவிர, டை நிற்காமல் வழுக்கியது.

"இன்னாடா பண்றே? ஒண்ணுல வையி, ஒண்ணுல வையி!" போர்மேன் கத்தினார். முனுசாமி வெளியே வரும் வழியை டை பாதி மறைத்துவிட்டது.

ஜெயராஜ் சொன்னது தப்பென்றால் நானே அவனை நசுக்கியவன் ஆவேன். தங்கை முகத்தில் எப்படி விழிப்பது? ஐந்துக்குத் தள்ளினேன்.

மோட்டார் உறுமியது. டை ஒருமுறை குலுங்கி, சீராக இறங்க ஆரம்பித்தது. அதற்குள் முனுசாமி உடம்பை ஒடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் வெளியே வந்து விழுந்தான். டை உட்கார்ந்தது.

லீவரை ஜீரோவுக்குக் கொண்டுவந்தேன்.

"மச்சான், எறங்கி வா! எனக்கு ஒண்ணும் இல்ல!" என்று கீழிருந்து அவன் கூப்பிட்டபோது அழுதுவிட்டேன்.

மறுநாள் புது லைனிங் போட்டார்கள். அடுத்த டை தொங்கியது. போர்மேன் வேறொருவரை உள்ளே போகச் சொன்னார். நான் லீவரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாடா, எறக்கு!"

"ஆள் வெளிய வரட்டும் சார்."

"லைனிங்தான் மாத்தியாச்சே. வேல வோணுமா வோணாமா?"

வேலை கட்டாயம் வேண்டும். ஆனாலும் கை மடியை விட்டு எழவில்லை. ஷாப்பே அண்ணாந்து பார்த்தது. கடைசியில் போர்மேன், "வெளிய வாப்பா" என்று உள்ளே இருந்தவரைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து டையில் கயிறு கட்டி, தள்ளி நின்று நேர் பிடித்தோம்.

எந்த வேலைக்கு எந்த நாட்ச் என்பதை, புதிதாகக் கிரேன் ஏறும் உங்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுத்துவிடலாம். கீழே ஆள் இருக்கும்போது லீவரைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குக் கஷ்டமான வேலையாக இருந்தது. பயத்தோடுதான் உட்கார்ந்தேன். நீங்களும் பயந்துகொண்டே உட்காருங்கள், பரவாயில்லை.