உயிருடன் என்று மூன்று வாரம்

வாராந்திர அறிக்கையில் ஒவ்வொரு பறவைக்கும் எதிரே ஒரு கட்டம் இருக்கும். உயிருடன், இறந்தது, தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்றை அதில் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலையில் சேர்ந்து ஓராண்டாகியும் மூன்றாவதை நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. தெரியவில்லை என்று எழுதினால் வீட்டுப்பாடம் செய்யாமல் வகுப்புக்குப் போவதுபோல இருக்கும் எனக்கு.

ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் ஆய்வுக்குழுவின் அலுவலகம். வடக்கே குளிர் தொடங்கும்போது தேன்பருந்துகள் இந்தப் பக்கம் வரும். தேனடையையும் குளவிக்கூட்டையும் பிய்த்துத் தின்னும். மார்ச் வாக்கில் திரும்பிப் போகும். இப்போது முன்போல வருவதில்லை. குறைவது வழியிலா, இங்கேயா என்று அறியத்தான் சிலவற்றைப் பிடித்து, தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை முதுகில் கட்டி விட்டிருந்தார்கள். கருவி வெயிலில் மின்னேற்றிக்கொண்டு செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். அது என் திரையில் புள்ளியாக விழும். புள்ளிகளைப் பார்ப்பது என் வேலை.

பக்கத்தில் ஃபோனில் என் மகள் தெரிவாள். மூன்று வயது. பகலில் அவளை விடும் தாஸ்கா என்ற பிள்ளைகள் காப்பகத்தில் கேமரா வைத்திருக்கிறார்கள். மதியம் பிள்ளைகளைத் தூங்க வைத்ததும் நான் வேலையை நிறுத்திவிட்டு அவள் கால் அசைகிறதா என்று பார்ப்பேன். அசைந்தால் போதும், வேலைக்குத் திரும்பிவிடுவேன். கொஞ்ச நேரத்தில், அசைந்தது அவள் காலா, மின்விசிறிக் காற்றில் ஆடிய போர்வையா என்று சந்தேகம் வரும். மறுபடி பார்ப்பேன்.

அந்த மார்ச்சில் மற்றப் பறவைகள் கிளம்பிவிட்டன. ஒன்று மட்டும் பீடோர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்திலேயே இருந்தது. பால்மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை போட்டுப் பல வருடமான இடம். பத்து நாள் நகராமல் இருந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் மின்கலம் நிறைவாக இருந்தது. புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் சிதறியிருந்தன. அசைவைக் காட்டும் எண்ணும் தினமும் வந்தது. பெரிய தேனடை கிடைத்திருக்கும், தின்று முடித்துவிட்டுக் கிளம்பும் என்று நினைத்தேன். உயிருடன் என்று எழுதினேன். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அதையே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை, குழுவின் தலைவி என் மேசைக்கு வந்தார். டாக்டர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

"இது இன்னும் அங்கயே இருக்கே. ராத்திரி அசைவு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவர் முன்னாலேயே திறந்தேன். இரவிலும் அதே எண்கள். இருட்டிவிட்டால் பருந்து கிளையில் அடைந்து அசையாமல் இருக்கும். இது விடிய விடிய ஆடியிருக்கிறது.

"திங்கட்கிழம ஆள் அனுப்பலாம்," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பருந்து இங்கே செத்திருந்தால், இந்த இடம் பத்திரமானது என்று மூன்று வாரமாக வரைபடத்தில் பொய் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமைவரை என்னால் இருக்க முடியவில்லை. ஞாயிறு காலை, கணவருக்குக் கமுந்திங் தொழிற்சாலையில் ஷிஃப்ட். மகளைக் காரின் பின்னிருக்கையில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் அம்மா வழி ஆட்கள் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர்கள். நானோ தோட்டத்துக்குப் போவதற்கு வழிகாட்டும் செயலியான வேஸைக் கேட்கிறவள்.

புள்ளிகள் கொண்டுபோய் விட்டது ஒரு முனியாண்டி கோயிலில். கோயில் என்றால் தகரக் கூரை, சிமெண்டு மேடை, முன்னால் ஆளுயரச் சூலம், அவ்வளவுதான். தொழிலாளர் குடியிருந்த லயங்களின் சுவடே இல்லை. நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு புல்லில் குனிந்து குனிந்து தேட, மகள் எனக்குப் பின்னால் அதேபோலக் குனிந்தபடி வந்தாள். சருகு கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

"என்னம்மா, தாலிய கீலிய தொலச்சிட்டீங்களா?"

"இல்லண்ணே. சின்ன டப்பா. மேல கருப்புக் கண்ணாடி, வால் மாதிரி ஒரு கம்பி."

"அட, அதுவா! ஐயாகிட்ட இருக்கு லா."

சூலத்தின் நடுமுனையில், காய்ந்த எலுமிச்சைக்குக் கீழே, கம்பியில் கட்டித் தொங்கியது எங்கள் கருவி. நல்ல வெயில் படும் இடம். காற்றில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

"கம்பெனிக்காரன் செம்பனக் கொல திருடுறவன புடிக்க வச்ச கேமராவோன்னு பாத்தேன். யாருதோ தெரியல. தோட்டத்துல கெடச்சத வீட்டுக்குக் கொண்டு போவப்படாது. ஐயா பாத்துக்குவாரு, உரியவங்க வந்தா குடுப்பாருன்னு மாட்டிட்டேன்."

"உரியவ வந்துட்டேன் அண்ணே."

"வந்துட்டீங்க. ஆனா ஐயா கையில இருந்து சும்மா எடுத்துக்கிட்டுப் போவ முடியுமா? ரெண்டு சுருட்டு வாங்கிட்டு வாங்க."

பீடோர் டவுனுக்குப் போய், மூன்று கடை ஏறி இறங்கிச் சுருட்டு வாங்கி வந்தேன். அலுவலகத்தில் இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். பெரியவர் ஒன்றைப் பற்றவைத்து மேடையில் வைத்தார். இன்னொன்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது எனக்கு. மூணு வாரமா காவல் காத்தது யாரு?"

கருவி கைக்கு வந்ததும் திருப்பிப் பார்த்தேன். அதைப் பருந்தின் முதுகில் கட்டியிருந்த நாடாக்கள் இல்லை. எனக்கு வேண்டியது அவைதான். பருந்தின் நெஞ்சில் நாடாக்கள் சேரும் இடத்தைப் பருத்தி நூலால் தைத்திருப்பார்கள். நூல் தானாக இற்றுப்போயிருந்தால் பருந்து கருவியை உதறிவிட்டுப் பறந்திருக்கும். நூல் முழுதாக இருந்து நாடா வெட்டுப்பட்டிருந்தால் யாரோ அதைப் பிடித்திருக்கிறார்கள்.

"அண்ணே, இதுல நாடா இருந்திருக்குமே?"

"ஆமா, அழுக்கா நாலஞ்சு. ஐயாவுக்குப் போடுறத அப்படியே போடலாமா? அறுத்துட்டுக் கழுவித்தான் மாட்டுனேன்."

"நாடா எங்க?"

சருகு எரிக்கும் குழியைக் காட்டினார். சாம்பல்தான் இருந்தது.

"இறகு, எலும்பு, ரத்தம் ஏதாச்சும் பாத்தீங்களாண்ணே? நாடாவுல தையல் பிஞ்சிருந்துச்சா?"

"கண்ணாடி போடாம பாத்தேன் மா. இருந்துச்சுன்னு சொன்னா பொய். இல்லன்னு சொன்னாலும் பொய்." துடைப்பக் கட்டையால் சாம்பலைக் கிளறிப் பார்த்தார். "பறவையோடதா அது? முன்னயே தெரிஞ்சிருந்தா நாடாவ வச்சிருப்பேனே."

அரை மணி நேரம் செம்பனைகளுக்கு அடியில் தேடினேன். ஒரு காக்கை இறகு கிடைத்தது. மகள் அதை வைத்துக்கொண்டாள்.

காரில் உட்கார்ந்து டாக்டரை அழைத்தேன். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், சுருட்டு உட்பட. அவர் சிரித்தார். பிறகு கேட்டார்.

"அப்ப என்ன எழுதப் போறீங்க?"

இறந்தது என்று எழுதியாவது தண்டனையை முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

"தெரியவில்லை," என்றேன். "மூணு வாரத்துக்கும் மாத்திடுறேன் டாக்டர்."

"சரி. என்ன நடந்துச்சுன்னு குறிப்பும் எழுதுங்க."

அறிக்கையை ஃபோனிலேயே திறந்து மாற்றினேன். முதல் வாரத்தை மாற்ற விரல் தயங்கியது. மற்ற இரண்டும் சீக்கிரம் முடிந்தன.

"பருந்து எங்கம்மா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மகள்.

வழக்கமாக ஏதாவது ஒரு பதில் வைத்திருப்பேன்.

"அம்மாவுக்குத் தெரியலடா."

"ஏன்?" என்றாள். பிறகு, "ஏன்?" ஈப்போ சாலையில் ஏறும்வரை கேட்டாள். அப்புறம் சத்தமே இல்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் கையிலிருந்த இறகு மட்டும் காரின் குளிர்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சமிக்ஞை விளக்கில் நின்றபோது கையைப் பின்னால் நீட்டி அவள் பாதத்தைத் தொட்டேன். தூக்கத்திலேயே உதைத்தாள்.