மாடித் தொட்டியில் முத்து

இறால் குளத்தில் உப்பு எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு என்று வீட்டிலிருந்தபடியே கைபேசியில் பார்த்துவிடலாம் இன்று. அந்தக் கருவிகளைப் பொருத்துவதுதான் என் பிழைப்பு. புதிதாக எது வந்தாலும் சோறு தண்ணியை மறந்து நோண்டுகிற இந்தப் பைத்தியம் எங்கிருந்து தொற்றியது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். தாய்மாமாவைத்தான் கைகாட்டுவேன்.

மாமாவுக்குக் கடலுயிரியல் படிக்க ஆசை. கொழும்புத் தோணியை ஓட்டும் தண்டலாக இருந்து, மாலுமிகளை அதட்டியே பழகிய தாத்தாவுக்கோ, மகன் பெரிய கப்பலில் ஏறியாக வேண்டும். தினம் இதே ரகளை. கடைசியில் மாமா பந்தயம் கட்டினார். ஆடியில் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்குள் மொட்டைமாடியிலேயே ஒரு முத்தை விளைவித்துக் காட்டினால் படிப்பு, இல்லையென்றால் கப்பல். கடலிலேயே முத்தைக் காணோம், இவன் மாடியில் எடுக்கப்போகிறானாக்கும் என்று தாத்தா அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மாமா அசரவில்லை. எங்கேயோ பயிற்சிக்குப் போய்வந்தார். சங்கு குளிக்கிறவர்களிடம் கெஞ்சி உயிரோடு முத்துச்சிப்பிகள் வாங்கி, ஒவ்வொன்றின் வாயையும் மெல்லத் திறந்து உள்ளே ஒரு குட்டி மணியை வைத்தார். அதைச் சுற்றித்தான் முத்து வளருமாம். சிமெண்டுத் தொட்டியில் கடல் தண்ணீர், மீன்தொட்டி மோட்டார், சாப்பாட்டுக்குப் பாட்டிலில் வளர்த்த பாசி. கரண்ட் போனால் தண்ணீருக்குக் காற்று கொடுப்பது, அப்போது பள்ளிச் சிறுமியான என் பொறுப்பு. குவளையில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். கை விட்டுப்போகும். ஆனாலும் உலகத்திலேயே முக்கியமான ஆள் நான்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

தண்ணீர் குறையக் குறைய மாமா சைக்கிளில் கடற்கரைக்குப் போய்க் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார். கடலில் பிறந்ததற்குக் கடல் தண்ணீர்தானே வேண்டும்! எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருவதே பெரிய பாடு. நல்ல தண்ணீரைச் சிப்பிக்கு ஊற்றலாம் என்று கனவில்கூட யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆனியில் காற்று பேயாக அடித்தது. ஒரு காலையில் மாடி ஏறினால் ஒரே நாற்றம். அத்தனை சிப்பியும் வாய் பிளந்து கிடந்தன. நான் ஓவென்று அழுதேன். மாமா தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டிப் பார்த்தார். தண்ணீரில் விரலை முக்கி நாக்கில் வைத்தார். துப்பிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏளா, உப்பளத்துக்குப் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு நான் மாடியில உப்பு விளைய வச்சிருக்கேன் பாரு. வெயிலு தண்ணியத்தானே குடிக்கும், உப்பையா குடிக்கும்? குறைஞ்சதுக்கு நல்ல தண்ணியில்லா ஊத்தியிருக்கணும்."

சீக்கு வந்து செத்தது என்று தாத்தாவிடம் சொல்லி இன்னொரு தவணை கேட்கும்படி மாமாவிடம் மன்றாடினேன். மாட்டேன் என்றுவிட்டார். நேரே போய் நடந்ததைச் சொன்னார். தாத்தா சிரிக்கவில்லை. "சரிலே, பெட்டியக் கட்டு" என்றார், அவ்வளவுதான்.

கப்பலுக்குப் புறப்படுவதற்கு முந்தின வாரம் மாமா தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுச் சிப்பிகளை விட்டார். பெரிய மணியாக வைத்திருக்கிறேன், விளைய இரண்டு வருஷமாவது ஆகும் என்றார். பந்தயத்தில் தோற்ற மனிதருக்கு இது என்ன வேண்டாத வேலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ரயிலடியில் அம்மா அழுதாள். தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா மட்டும் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு பாசி, மோட்டார் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ரயில் நகர்ந்ததும், "நல்ல தண்ணி ஊத்த மறந்துராத ஏளா" என்று கத்தினார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாமாவுக்கு நம் மேல் பாசமே கிடையாது, எல்லாம் சிப்பி மேல்தான் என்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பொருமினேன். அம்மா, குடிக்கப் பிடித்துவைத்திருந்த குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். இரண்டு வருஷம் கழித்து விளைவதை ஒருவர் இன்றைக்கு விட்டுவைத்துப் போகிறார் என்றால், அதை எடுக்கத் திரும்பி வருகிறேன் என்றுதான் அர்த்தம். அம்மாவுக்கு அது விளங்கியிருந்தது. எனக்கு விளங்கவில்லை.