திரையில் நின்றுபோன எண்

நிர்மலாதேவிக்கு முதலில் பழக்கமான கணினி மொழி விஷுவல் பேசிக். மெர்லிமாவ் பாலிடெக்னிக்கில் படித்தபோது கற்றது. பிறகு செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் சரக்குக் கிடங்குக்காகப் பல வருடம் ஜாவா எழுதினாள். அந்த வருடங்களில் கணினியின் நினைவகத்தைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. வேலை முடிந்த இடத்தை ஜாவாவே கூட்டிப் பெருக்கிவிடும். அதே வட்டாரத்தில், டயாலிசிஸ் நிலையங்களுக்குக் கருவி செய்யும் ஒரு சிறு கம்பெனிக்கு மாறிய பிறகுதான் சி மொழியோடு மல்லுக்கட்ட வேண்டி வந்தது. அதில் துளி நினைவகம் வேண்டுமென்றாலும் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அந்த இடத்தை மறந்துவிட வேண்டும். மறக்காமல் மறுபடி போய்ப் பார்த்தால் அந்த மொழி தடுக்காது, சத்தம் போடாது. அங்கே என்ன கிடக்கிறதோ அதை எடுத்துக் கொடுக்கும்.

கம்பெனி செய்தது ஒரு சிறிய பெட்டி. டயாலிசிஸ் இயந்திரங்களுக்குப் போகும் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். இருந்தால் அலறும். குழாய்த் தண்ணீரின் குளோரின் வடிகட்டியைத் தாண்டி வந்துவிட்டால் நோயாளியின் இரத்த அணுக்கள் உடைந்துபோகும். அதனால் பெட்டியின் திரையில் தெரியும் அந்த எண்ணைத் தாதிகள் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல அடிக்கடி பார்த்துக்கொள்வார்கள். நிர்மலாவின் அண்ணன் சேகரன் வாரத்தில் மூன்று நாள் மெர்லிமாவ் நிலையத்தில் படுத்திருப்பார். அங்கேயும் அந்தப் பெட்டிதான்.

ஒரு திங்கட்கிழமை காலை புக்கிட் பெருவாங் நிலையத்திலிருந்து தலைமைத் தாதி மோகனா கூப்பிட்டார். நோயாளிகளை இணைப்பதற்கு முன் வழக்கம்போல் கையால் தண்ணீரைச் சோதித்திருக்கிறார். சோதனைத் தாள் நிறம் மாறிவிட்டது. பெட்டியின் திரையோ எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கு ஊசி குத்தியாகிவிட்டது, இணைக்கவில்லை, அவ்வளவுதான் என்றார்.

"சிஸ்டர், பெட்டி சத்தமே போடலையா?" என்று கேட்டாள் நிர்மலா.

"ஒரு சத்தமும் இல்ல லா. நான் தாள நம்பினேன், பெட்டிய நம்பல. நம்பியிருந்தா என்னா ஆயிருக்கும்?"

வடிகட்டித் தொட்டியை அன்றே மாற்றினார்கள். தண்ணீர் சரியாகிவிட்டது. பெட்டி ஏன் பொய் சொன்னது என்பது மட்டும் தெரியவில்லை.

நிர்வாகி கிருபாலன் உணர்கருவியில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்றார். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், எதையும் நிதானமாகப் பேசுபவர். நிர்மலா உணர்கருவியைக் கழற்றிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. பெட்டியை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, குளோரின் கலந்த தண்ணீரில் வைத்தாள். உடனே அலறியது. மறுநாளும் அலறியது. எத்தனை முறை வைத்தாலும் நல்ல பிள்ளையாக அலறியது. நினைவகத் தவறுகளைத் தேடும் கருவியை ஓட்டிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை என்றது. பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி, பெட்டிக்கு ஆயிரக்கணக்கான பொய் அளவுகளை அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னது.

தவறு கண்ணில் பட்டால் பயம் இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் அவளைச் சாப்பிட விடவில்லை. மெர்லிமாவிலும் மற்ற நிலையங்களிலும் அதே பெட்டிகள் அந்த நேரத்திலும் எண்களைக் காட்டிக்கொண்டிருந்தன.

புதன்கிழமை அவள் வேறு வழி எடுத்தாள். பெட்டியின் நிரல் ஒவ்வோர் அடியிலும் என்ன செய்கிறது என்று எழுதிவைக்கும்படி சில வரிகள் சேர்த்து, பெருவாங் நிலையத்துக்கே கொண்டுபோய் மாட்டினாள். மோகனா அடிக்கடி கையால் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருக்க, நோயாளிகள் வரிசையாகப் படுத்திருக்க, நிர்மலா மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். மதியம்வரை ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கட்டிலில் இருந்த பெரியவர், என்னம்மா ரிப்பேரா என்று கேட்டார். செக்கிங் மட்டும்தான் அங்கிள் என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தேநீர் நேரத்தில் திரையில் இருந்த எண் திடீரென்று மாறியது. உலகத்தில் எந்தத் தண்ணீரிலும் இருக்க முடியாத அளவு. பத்து இலக்கம். பெட்டி காது கிழிய அலறியது. தாதிகள் ஓடிவந்தார்கள். மோகனா தண்ணீரைச் சோதித்தார். சுத்தம்.

நிர்மலா சுற்றிலும் பார்த்தாள். சுவரோரம் இருந்த இணைய ரவுட்டரின் விளக்குகள் அணைந்திருந்தன. யாரோ அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலைச் செருகியிருந்தார்கள்.

அவள் நிரலைத் திறந்து அந்தப் பகுதியைத் தேடினாள். ஒவ்வோர் அளவையும் இணையம் வழியாக அலுவலகத்துக்குப் பதிவுக்காக அனுப்பும் பகுதி அது; அந்தப் பதிவை அங்கே யாரும் உடனுக்குடன் பார்ப்பதில்லை. இணைப்பு அறுந்தால், அளவு வைத்திருந்த இடத்தை அது திருப்பிக் கொடுத்துவிட்டுப் புது இடம் வாங்கிக்கொள்கிறது. திரைக்கும் அலாரத்துக்கும் அதை யாரும் சொல்லவில்லை. அவை இரண்டும் காலி செய்துவிட்டுப் போனவரைப் பழைய வீட்டிலேயே தேடிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் வேறெதுவும் குடிவராதவரை, கடைசியாக இருந்த நல்ல எண்ணே அங்கே கிடக்கும். திங்கட்கிழமை மோகனா திரையில் பார்த்தது அதைத்தான். இன்று அவள் சேர்த்த வரிகள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. அதனால்தான் குப்பை எண். அலுவலகத்தில் இணையம் ஒருபோதும் அறுந்ததில்லை. அந்தப் பகுதி அங்கே ஓடவே இல்லை. சோதனைக் கருவி எதைக் கண்டுபிடிக்கும்?

வெளியே போய் கிருபாலனைக் கூப்பிட்டு விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். எழுதுவது சீக்கிரம் முடிந்துவிடும், சோதித்து ஒவ்வொரு நிலையமாகப் போய் மாற்ற இந்த வாரம் போய்விடும் என்றாள்.

"அப்ப சரிசெஞ்சிட்டு சொல்லுவோம், நிர்மலா. இப்ப எல்லாருக்கும் போன் போட்டா பெட்டிய கழட்டி வீசிருவாங்க. கம்பெனி நிக்காது."

"பாஸ், இந்த நிமிஷம் எங்கெங்க லைன் அறுந்திருக்குன்னு நமக்குத் தெரியாது. அங்க ஆளுங்க மெஷின்ல படுத்திருக்காங்க."

கிருபாலன் கோலாலம்பூரில் இயக்குநரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறி வைத்துவிட்டார்.

அவள் காத்திருக்கவில்லை. முதலில் மெர்லிமாவைக் கூப்பிட்டாள். அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது, விரலும் அதற்கே போனது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். புதன்கிழமை அண்ணனின் முறை. அவருடைய கைப்பேசிக்கு அடித்தாள். நெடுநேரம் கழித்து எடுத்தார்.

"என்னா தேவி, கையில ஊசி இருக்கு, அப்புறம் பேசு."

"அண்ணே, வைக்காதீங்க. பக்கத்துல நர்ஸ் இருக்காங்களா? போன அவங்ககிட்ட குடுங்க. இப்பவே."

அவள் குரலில் என்ன கேட்டதோ, அவர் உடனே போனைக் கொடுத்துவிட்டார். தாதியிடம் நிர்மலா சொன்னது சில வார்த்தைகள்தான்: திரையை நம்ப வேண்டாம், தண்ணீரைக் கையால் சோதியுங்கள். பிறகு அந்தப் பக்கத்தில் காலடிச் சத்தம், ஏதோ இழுப்பறை திறக்கும் சத்தம், இயந்திரங்களின் இரைச்சல். நிர்மலா நிலையத்தின் வாசலில் வெயிலில் நின்று காதோடு கைப்பேசியை அழுத்திக்கொண்டிருந்தாள். லாரி ஒன்று போனபோது எங்கே பதிலைத் தவறவிட்டோமோ என்று பதறினாள்.

தண்ணீர் சுத்தம் என்றார் தாதி. பெட்டியின் எண் மட்டும் காலையிலிருந்து அசையவே இல்லை, இப்போதுதான் கவனிக்கிறேன் என்றும் சொன்னார்.

நிர்மலா அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்தாள். உடனே அடுத்த நிலையத்துக்கு அடித்தாள். இரண்டாவது நிலையத்துக்காரர் கோபமாகப் பேசினார். மூன்றாவதில் பேசிக்கொண்டிருக்கும்போது கிருபாலன் அழைப்பது தெரிந்தது. அதை முடித்துவிட்டு எடுத்தாள். திட்டு விழும் என்றுதான் எடுத்தாள்.

"யார் யாருக்கு சொல்லியாச்சு?" என்று கேட்டார். சொன்னாள். "மிச்சம் இருக்கறத நான் பாக்குறேன். நீங்க போய் கோடிங் எழுதுங்க."

இயக்குநர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. கிருபாலன் இயக்குநரிடம் கேட்கவே இல்லை என்பது பல வாரங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அந்த வாரம் அவள் திருத்திய நிரலோடு நிலையம் நிலையமாகப் போனாள். ஒவ்வோர் இடத்திலும் தானே இணையப் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். எங்கும் யாருக்கும் தீங்கு நேர்ந்திருக்கவில்லை. ஆனாலும் இரண்டு நிலையங்கள் பெட்டியைத் திருப்பி அனுப்பின. கம்பெனிக்கு அது பெரிய அடி. சில மாதங்கள் எல்லாருக்கும் சம்பளம் தாமதமாக வந்தது. காரணம் நிர்மலாதான் என்று சிலர் அவள் காதுபடவே சொன்னார்கள்.

இப்போது அவள் அந்த நிரலை முழுவதுமாக ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள். ஜாவாவைப் போல அது பின்னால் வந்து பெருக்குவதில்லை. திருப்பிக் கொடுத்த இடத்தை இன்னொருவர் பார்க்க வழியிருந்தால், நிரலை ஓட விடாமலேயே நிறுத்திவிடுகிறது. முதல் மாதம் எதை எழுதினாலும் சிவப்புச் சிவப்பாகப் பிழைகள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு பகுதிகூடத் தேறாமல், கணினியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றிருக்கிறாள். கிருபாலன் வந்து, முடியலைன்னா பழைய மொழியிலேயே விட்டுவிடலாமா என்று கேட்டார்.

"வேணாம் பாஸ். இது முன்னாலயே சண்டை போடுது. போடட்டும்" என்றாள்.