பதினாலாம் கட்டம்

எண்ணெய்ச் சட்டியை ஏற்றுவதற்கு முன் பஞ்சாலை ஒரு சிட்டிகை அரிசி மாவை விரலிடுக்கிலிருந்து உதிர்ப்பாள். மாவு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்ப அடுப்பை ஒரு முழம் நகர்த்துவாள். பக்கத்தில் பூ விற்கும் மோகனா முதல் வாரம் அதைக் கண்ணேறு கழிப்பதென்று நினைத்து, தன் கடைக்கும் கொஞ்சம் போடச் சொன்னாள்.

"சாமி காரியமில்லடி. காத்து எங்கேர்ந்து வருதுன்னு பாக்குறேன்."

பஞ்சாலை கோலா சாவா ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருபத்தோரு வருடம் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கு மருந்தடித்தவள். காற்றுக்கு முகம் கொடுத்து அடித்தவர்கள் சாயங்காலம் வாந்தி எடுப்பார்கள். முதுகு கொடுத்தவர்கள் சோறு தின்பார்கள். காற்றைப் பற்றி அவள் படித்த படிப்பு அவ்வளவுதான். மிச்சம், நெஞ்சில் இழுப்பு. கைப்பையில் அதற்கு உறிஞ்சும் மருந்து.

செண்டாயானுக்குப் போகும் வழியில் எழுந்த இந்தப் புதுக் கடைத்தெருவை வரைந்தவர்கள் அதைவிடப் பெரிய படிப்புப் படித்தவர்கள். ஆகவே நான்கு மாடிக் கட்டடங்களை இரண்டு பக்கமும், காற்றுக்குக் குறுக்கே, சுவர் மாதிரி நிறுத்தினார்கள். காற்றும் வசதியான சொந்தக்காரரைப் போலக் கூரைக்கு மேலேயே போய்விடுகிறது. கீழே எட்டிப் பார்ப்பதில்லை. போக்குவரத்து விளக்கில் கல் ஏற்றிய லோரிகள் நின்று உறுமும். புகையைக் குறைக்கவென்று இருபுறமும் நெருக்கமாக மரம் வைத்தார்கள். மரங்கள் குறைவில்லாமல் வளர்ந்து, தலையோடு தலை முட்டி, தெருவுக்கு மூடி போட்டன. மேலே போகப் பார்த்த புகையும் திரும்பி வந்தது. முனையில் 'பசுமைத் தெரு' என்று ஒரு பலகை.

அந்தத் தெருவில் மூச்சு விடத் தகுந்த இடம் ஒன்றே ஒன்று: இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, குப்பைத்தொட்டிக்காக விட்ட சந்தின் வாய். பஞ்சாலையின் வடைக்கடை அங்கேதான். நாறும்.

"நாத்தம் நெஞ்ச அடைக்காதுலா," என்பாள்.

சென்ற மாதம் நகராட்சியிலிருந்து கடுதாசி வந்தது. அந்தச் சந்தின் வாயை அடைத்துவிட்டு, கடைகளையெல்லாம் எண் போட்ட கட்டங்களுக்குள் அழகாக வைக்கப் போகிறார்களாம். அவளுக்குப் பதினாலு, போக்குவரத்து விளக்குக்கு நேரெதிர். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் லைசென்ஸ் போச்சு.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்து முகுந்தன் படிவத்தோடு வந்தான். நல்ல பிள்ளை, நீலாயில் காலேஜ் படித்தவன்.

"ஆன்ட்டி, கவலப்படாதீங்க. காத்து சுத்தமா இருக்குன்னு மெஷின் வச்சே பாத்துட்டோம். ரிப்போட் இருக்கு."

"மெஷின எங்க வச்சீங்க தம்பி?"

"மொட்ட மாடியில. கீழ வச்சா யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க."

"அப்ப வடையையும் அங்கயே சுடவா?"

மோகனா பூக்கூடைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

முகுந்தன் சிரிக்கப் பார்த்தான். "நான் சொல்லி ஒன்னும் மாறாது ஆன்ட்டி. எல்லாம் மேல முடிவு பண்ணது."

"தெரியும்லா. மேலதான் காத்து நல்லாருக்கே."

பஞ்சாலை அடுப்போடு தள்ளுவண்டியைப் பதினாலாம் கட்டத்துக்கே தள்ளிக்கொண்டு போனாள். ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள்.

"உக்காருங்க தம்பி. ஒரு ஈடு வேகட்டும், சூடா சாப்புடுங்க. அப்புறம் எங்க சொல்றீங்களோ அங்க கையெழுத்து போடுறேன்."

அவன் உட்கார்ந்தான். விளக்கு சிவந்தது. மூன்று லோரிகள் வரிசையாக வந்து நின்றன. வடை ஒரு பக்கம் வேகுமுன்பே அவன் கண்ணில் நீர் கோத்தது. பஞ்சாலைக்கும் நெஞ்சு விசிலடித்தது. அவள் பாட்டுக்கு வடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். முகுந்தன் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினான்.

பஞ்சாலை கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். அவன் விரல்களிலிருந்து கைக்குட்டையை உருவி, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்கு மடிப்பதுபோல நாலாய் மடித்து, அவன் சட்டைப்பைக்குள் வைத்து, மேலே ஒருமுறை தட்டிவிட்டாள்.