சுவர்ப்பெட்டியின் சூடு

பயப்படுகிற பிள்ளைகள் கிட்டக் கிட்ட இருந்துகொள்ளுங்கள். இதில் நான் கூட்டிச் சேர்த்தது ஒரு சொல்லும் இல்லை. நடந்த இடம் பலெர்மோ. 1999, தை மாதம். நடந்தது ஞானம்பிகைக்கு. அவளுக்குப் பொய் சொல்லவே வராது. சொன்னாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

லிபெர்த்தாத் தெருவில் ஒரு மூன்றாம் மாடி வீடு. படுக்கையோடு கிடந்த எண்பத்தாறு வயது வீட்டுக்காரம்மாவை, சிஞ்ஞோராவை, பார்க்கிற வேலை அவளுக்கு. பத்தொன்பதாம் தேதி குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்கத் தவணை. அன்றைக்கு அவளுக்கு வேலை இருக்க வேண்டும். வேலை இருக்கச் சிஞ்ஞோரா உயிரோடு இருக்க வேண்டும். அந்தக் கடதாசி கிடைத்தால்தான், வவுனியாவில் சித்தி வீட்டில் நிற்கிற மகள் ஜெனனியைக் கூப்பிடலாம். கிழவிக்கோ நெஞ்சு நிறையச் சளி. குளிர் பட்டால் தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

சிஞ்ஞோராவின் மகன் கூடத்தில் ஒரு பெலெட் அடுப்புப் பூட்டியிருந்தான். மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னக் குச்சிகள் தானாக விழுந்து எரியும். அதை ஆட்டி வைப்பது நடைச்சுவரில் இருந்த ஒரு தெர்மோஸ்டாட். அந்தப் பெட்டியடியில் இருபது பாகைக்குக் கீழே குளிர்ந்தால் 'டிக்' என்று அடுப்பை எழுப்பும். சூடு ஏறினால் அணைத்துவிடும். அதை இருபதில் வைத்து மூடியைப் பூட்டி, திறப்பை மகன் கொண்டுபோய்விட்டான்.

அந்தக் குளிருக்கு முதன்முதலாக அடுப்பு மூட்டியது தை ஐந்தாம் தேதி காலை. பின்னேரம் 2.10. மதியத் தூக்கத்துக்கு நகரமே யன்னல் சாத்திக் கிடந்தது.

டிக்.

அடுப்பு அணைந்தது. ஞானம்பிகையின் மூச்சு புகையாகப் போனது. நடைக்குப் போய்ப் பார்த்தாள். பெட்டியில் 31.

தொட்டாள். காய்ச்சல்காரியின் நெற்றி மாதிரிச் சுட்டது... வேர்த்தும் இருந்தது.

சுவர் பனிக்கட்டி. பெட்டி மட்டும்தான் சூடு.

சரியாக நாலு மணிக்கு இலக்கம் இறங்கியது. அடுப்பு எரிந்தது. மறுநாளும் 2.10. அதற்கடுத்த நாளும். திருத்த வந்தவன் பெட்டியைக் கழற்றி எதிர்ச்சுவரில் பூட்டிப் பார்த்தான். அங்கேயும் 31.

வெள்ளிக்கிழமை, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே கிழவி நடையைப் பார்த்துக் கத்தினாள்.

"எமிலியானா! போதும். கையை எடு!"

"ஆர் சிஞ்ஞோரா எமிலியானா?"

கிழவி சிரித்தாள். "போன குளிருக்கு இருந்தவள். உங்கட ஆள்தான். என்னைக் கேளாமல் மகன் இந்தச் சனியனைப் பூட்டினான். அந்தச் சூடு எனக்கு மூச்சு முட்டும். திறப்பில்லாட்டி என்ன? ரெண்டு கையாலும் பெட்டியைப் பொத்திப் பிடியடி எண்டன். அடுப்பு ஏமாந்து போச்சு. நான் படுத்து எழும்புமட்டும் அப்பிடியே நிக்கோணும். வெறுங்காலோட."

"ஒவ்வொரு நாளுமோ?"

"சூட்டு நாட்டுக்காரர்தானே நீங்கள். உங்களுக்கென்ன குறையப்போகுது?"

"இப்ப அவ எங்கை?"

"ஒருநாள் விறைச்சு விழுந்தாள். தூக்கிக்கொண்டு போனாங்கள். பிறகு நான் விசாரிக்கேல்லை."

பன்னிரண்டாம் தேதி. 2.40. கிழவியின் உதடு நீலம் பாரித்தது. ஐந்து சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தும் உடம்பில் சூடு ஏறவில்லை. ஞானம்பிகை நடையில் போய் நின்று கைகூப்பினாள்.

"அக்கா... உங்களுக்குச் செய்தது கொடுமைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. பத்தொன்பதாந் தேதி வரைக்கும் பொறுங்கோ. எனக்கு ஒரு மகள் இருக்கிறா."

நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தாள்.

31... 27... 22... 19.

டிக்.

அடுத்த ஆறு நாளும் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. கிழவி முகம் சிவந்து, சூப்பும் குடித்தாள்.

பத்தொன்பது. குவெஸ்தூராவில் 2.05க்கு முத்திரை விழுந்தது. அவள் திரும்பும்வரை தாயோடு இருப்பதாகச் சொன்ன மகன் வரவேயில்லை. 4.10க்கு ஞானம்பிகை கதவைத் திறந்தாள்.

மூச்சு புகைந்தது.

பெட்டியில் 38.

கட்டில் காலடியில் போர்வை... நாலாக மடித்து வைத்திருந்தது.

கிழவியின் கண் திறந்திருந்தது. தொட்டாள்.

கல்.

நடையில்... 31... 22... 19.

டிக்.

சலசலவென்று குச்சிகள் விழுந்தன.

அடக்கம் முடிந்த கிழமை, வுச்சீரியாச் சந்தை மீன்கடையடியில் செல்வமலரைப் பிடித்தாள். பங்குக் கோயில் வேலையெல்லாம் ஓடித்திரிந்து செய்கிறவள் அவள்.

"அக்கா, எமிலியானா எண்டொரு செத்தவவுக்குப் பூசை ஒப்புக்குடுக்கோணும்."

"சைவக்காரி நீ பூசை ஒப்புக்குடுக்கிறியோ! சுவாமியார் மயங்கி விழப்போறார். ஆரடி செத்தது? லிபெர்த்தாவிலை கிழவி பாத்த எமிலியானாவோ? அவ பிரான்காச்சோவிலை இருக்கிறா. போன ஞாயிறும் கோயில்ல என்ரை காலை மிதிச்சவ."

ஞானம்பிகை பஸ் ஏறினாள். கதவைத் திறந்தவளை அவள் அதற்கு முன் கண்டதேயில்லை.

"எமிலியானா அக்காவோ?"

"ஓம்." உள்ளே இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தபடி எமிலியானா சொன்னாள். "அந்த வீட்டிலை விழுந்த நாள் தொடக்கம் இந்தக் கையிலை சூடே இல்லை. நெருப்பிலை பிடிச்சாலும் பனி. பத்தொன்பதாந் தேதி, நாலு பத்துக்குத்தான் திரும்பி வந்தது."

ஞானம்பிகை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

எமிலியானா அவளுடைய கையை மெல்லப் பிடித்தாள். நல்ல சூடு.

"நீங்கள் கேட்ட மாதிரிப் பொறுத்தன்தானே, தங்கச்சி. மகள் எப்ப வாறா?"