விமானத்தின் மூக்கில் சந்தனம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. என்னுடைய ரிமோட் விமானம் இரண்டாவது தடவையாகத் தரையில் குத்தி நொறுங்கிய அன்று நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தாள். அவர்கள் சிரித்த சிரிப்பில், "இன்னொரு தடவ விழுந்துச்சுன்னா ரிமோட்டத் தொடவே மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாரம் முழுக்கப் பள்ளியில் இயற்பியல், வீட்டில் அடுப்படி. ஞாயிற்றுக்கிழமை விமானம் விடுகிற அந்த அரை மணி நேரம்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம். அது போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

அதனால் அடுத்த விமானத்தைப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்தேன். குட்டிக்கரணம் அடிக்கவும் தலைகீழாகப் பறக்கவும் பழைய மோட்டாருக்குத் தெம்பு போதவில்லை. பெரிய மோட்டார், அதற்கேற்ற பேட்டரி, ஸ்பீடு கன்ட்ரோலர் எல்லாம் புதிதாக மாற்றினேன். மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது கன்ட்ரோலர்தான். அளவுக்கு மீறிச் சூடானால் தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும். காற்றுப் போக மூக்குக்குக் கீழே, தெர்மாகோலில், சூடான கத்தியால் இரண்டு ஓட்டை போட்டேன். கோணல்மாணலாகத்தான் வந்தது.

மறுநாள் ஆயுத பூஜை. என் வீட்டுக்காரர் தன் லோடு ஆட்டோவைக் கழுவிப் பொட்டு வைத்தார். கை ஓயவில்லை போல. ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின், கடைசியில் விமானம். அதன் மூக்குக்கு அடியில் பெரிதாக இரண்டு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பூஜைப் பொட்டை உடனே துடைக்கக் கூடாதென்று நானும் விட்டுவிட்டேன்.

விஜயதசமி காலையில் சமயநல்லூர் தாண்டி ஒரு கண்மாய்க்குப் போனோம். மழை தொடங்கவில்லை, உள்ளே தண்ணீர் வற்றி வெடித்த கரிசல் மண்தான். அவர் ஓடிப்போய் விமானத்தை வீசினார். புது மோட்டார் இழுத்த இழுப்பில் எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டு குட்டிக்கரணம் அடித்தேன். பிறகு தலைகீழாகத் திருப்பிக் கரைப்பக்கம் விட்டேன். கருவேல மரங்களுக்கு மேலே போனபோது சத்தம் நின்றது.

மோட்டார் மட்டும்தான் போயிருந்தது, இறக்கை இன்னும் என் பேச்சைக் கேட்டது. நிமிர்த்திவிட்டு வளைத்துத் திருப்பினேன். மோட்டார் இல்லாதபோது மூக்கைத் தூக்கினால் வேகம் செத்து விழும், தாழ்த்தினால்தான் மிதக்கும். வகுப்பில் சொல்வது சுலபம். முள்ளைப் பார்த்து மூக்கைத் தாழ்த்தக் கை வரவில்லை. வரவைத்தேன். கடைசி மரத்தின் உச்சியை ஒட்டி வந்து, கரிசலில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

"ஒன்னும் ஆகல, முழுசா இருக்கு!" அவர் அங்கிருந்தே கத்தினார்.

மூடியைத் திறந்தேன். கன்ட்ரோலரில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. விமானத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு ஓட்டையிலும் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. பொட்டைப் பார்த்தேனே தவிர, அதற்கடியில் ஓட்டை அடைபட்டது எனக்கு உறைக்கவில்லை.

"ஏங்க, பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலையா?"

"ஓட்டை ரெண்டும் கோணையாத் தெரிஞ்சுச்சு. நாலு பேரு பாத்தா உன்னையக் கேலி பண்ணுவாகன்னுதேன் அமுக்கி அடைச்சேன்."

திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். "இப்ப இது மூணாவது தடவையா?" என்று கேட்டேன்.

"எங்க விழுந்துச்சு? எறங்கித்தான இருக்கு. என் தங்கச்சிகிட்ட நான் சொல்றேன்."

அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கருவேல முள்ளை ஒடித்து ஓட்டையிலிருந்த சந்தனத்தை நோண்டி எடுத்தேன். அவர் கேட்காமலேயே ஆட்டோவிலிருந்து இன்னொரு பேட்டரியை எடுத்துக்கொண்டு வந்தார்.